பிரிக்காமல் விட்ட கம்பி

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்டாதீங்க. கரண்டு வேலை செய்யற ஆளு செருப்போட இருக்கிறதுதான் நல்லது. சாமி ரூமுக்குள்ள மட்டும் போகாம இருந்தாப் போதும். இருட்டா இருக்கேன்னு பாக்காதீங்க. அந்த சன்னலோரமா ஸ்டூலைப் போட்டு உக்காருங்க, கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும். எனக்குப் பழகிடுச்சு.

துறையூர்ல வயர்மேனே இல்லையா, பெரம்பலூர்லேர்ந்து ஏன் நம்மளக் கூப்பிடுறாருன்னுதானே யோசிக்கிறீங்க? இருக்கானுங்க, தெருவுக்கு ரெண்டு பேர் இருக்கானுங்க. ஒருத்தனும் இந்த வீட்டுப் பக்கம் வர்றதில்லை. ஒருத்தன் வந்தான். வந்தவன் பாதி வேலையில ஸ்க்ரூ டிரைவரைப் பையில போட்டுக்கிட்டு, "பெரியவரே, ஒண்ணு நீங்க பேசுங்க, இல்லன்னா நான் வேலை பாக்கறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டான். நான் என்னத்தப் பேசினேன்? பக்கத்துல நின்னு இப்படிப் பண்ணு, அப்படிப் பண்ணுன்னு சொன்னேன். என் வீடு, நான் சொல்லக் கூடாதா?

உங்களுக்கு வேலை சின்ன வேலைதான். வெளிய மீட்டர் போர்டு பாத்தீங்கல்ல? அங்கேர்ந்து இந்த மெயின் பெட்டி வரைக்கும் எனக்குன்னு தனியா ஒரு நியூட்ரல் கம்பி இழுக்கணும். இப்ப பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் சேத்து ஒரே நியூட்ரல் ஓடுது. அதை வெட்டி விட்டுடணும். இந்தப் பழைய மெயின் பெட்டியையும் எடுத்துட்டுப் புதுசு ஒண்ணு மாட்டணும். அவ்வளவுதான். அது முடிஞ்சா மெயினைப் போடுவேன், லைட்டு எரியும். லைட்டு எரிஞ்சா என் சம்சாரம் வந்துடுவா.

எங்க போயிருக்காளா? எங்கேயும் போகலை. இந்தா, இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கா. ஆவணியில போனவ, ஐப்பசி பொறந்துடுச்சு. அவ இருமினாக்கூட எனக்கு இங்க கேக்குது. கூப்பிட்டா வர மாட்டேங்கிறா. என்ன கொடுமை பாத்தீங்களா?

அது என் தம்பி வீடு. ரெண்டும் சேந்து எங்கப்பா கட்டின ஒரே வீடு இது. என் பேரு வைத்திலிங்கம், அவன் தர்மலிங்கம். எங்க ரெண்டு பேருக்கும் அக்காவையும் தங்கச்சியையும் ஒரே வீட்டுல பொண்ணெடுத்தாங்க. பெரியவ மங்கையர்க்கரசி எனக்கு. சின்னவ திலகா அவனுக்கு. அப்பா போனதும் பாகம் பிரிச்சோம். கூடத்துக்கு நடுவுல செவுரு எழுப்பினோம். கிணத்தை முறை வெச்சுக்கிட்டோம், தென்னை மரத்தைக்கூட உனக்கு எனக்குன்னு பிரிச்சோம். கொத்தனாரு செவுரு எழுப்பும்போது அக்காளும் தங்கச்சியும் ஆளுக்கொரு பக்கம் நின்னுக்கிட்டு அழுவுதுங்க. "ஏன்டி அழுவுறீங்க, வாசல் வழியா வந்து பேசிக்க வேண்டியதுதானே, நான் என்ன நடுவுல சமுத்திரத்தையா வெட்டி விட்டேன்"னு சொன்னேன்.

இல்லை இல்லை, அந்த ஒயரைத் தொடாதீங்க, அது பழசு. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. விஷயம் தெரியாம வேலை செஞ்சா தப்பாப் போயிடும்.

எல்லாத்தையும் பிரிச்சோமே தவிர கரண்டைப் பிரிக்கலை. மீட்டர் அப்பா பேருல இருக்கு. வீட்டுக்கு மூணு ஃபேஸ் வருது. ஆனா ரெண்டு வீடும் ஒரே ஃபேஸ்ல இருந்துச்சு. மத்த ரெண்டும் சும்மா கிடந்துச்சு. அவன் வீட்டுல ஏசி, ஹீட்டரு, வாஷிங் மிஷினு, எது இல்லை சொல்லுங்க? அவன் ஏசியைப் போட்டான்னா என் வீட்டு பல்பு மங்கிடும். ஃபேன் சோம்பேறி மாதிரி சுத்தும். இத்தனைக்கும் எனக்கு என்ன இருக்கு? கூடத்துல ஒரு குண்டு பல்பு, ஒரு ஃபேனு, ஒரு டிவி, அவளோட தையல் மிஷினு. அவ்வளவுதான்.

என்ன, இந்தக் காலத்துல குண்டு பல்பான்னு சிரிக்கிறீங்களா? தம்பியும் இதேதான் சொல்லுவான். "அண்ணே, எல்ஈடி மாத்துங்க, கரண்டு கம்மியா இழுக்கும்"பான். நான் அரிசி மில்லுல ஸ்டோர் பாத்தவன் தம்பி. ஒரு திருகாணி வேணும்னாலும் முதலாளியே என்கிட்டதான் வந்து நிக்கணும். மில்லை மூடும்போது ஒரு பெட்டி குண்டு பல்பு தூக்கிக் குடுத்தாங்க. சும்மா கிடைச்ச பல்பை வெச்சுக்கிட்டு காசு குடுத்து வேற பல்பு வாங்கறதுக்கு எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?

சரி, அதை விடுங்க. நான் எத்தனையோ தரம் சொல்லிப் பாத்தேன். "டேய், உன் ஏசியால என் வோல்டேஜு போகுதுடா"ன்னு. அவன், "அண்ணே, தெருவுலேர்ந்து வர்ற ஒயரு பழசு, மெல்லிசு. ரெண்டு வீட்டு கரண்டும் அதுலயே ஓடினா வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும், தடிச்ச ஒயரா மாத்திடலாம், ஆளுக்குப் பாதி போடுவோம்"னான். நான் ஏன் போடணும்? கெடுக்கிறது அவன், பாதி நானா? "உன் சங்காத்தமே வேணாம், எனக்கு வேற ஃபேஸ் குடுத்துடு"ன்னு ஒத்தக் கால்ல நின்னேன். நின்னு வாங்கினேன். அன்னைக்கு வந்த எலெக்ட்ரீஷியன் எனக்கு ஒரு ஃபேஸு, அவனுக்கு ஒரு ஃபேஸுன்னு பிரிச்சுட்டு, "நியூட்ரலையும் தனித்தனியா இழுத்துடலாங்களா"ன்னு கேட்டான். நான் என் டெஸ்டரை எடுத்து அந்த நியூட்ரல்ல வெச்சுப் பாத்தேன். எரியவே இல்லை. தொட்டாலும் ஒண்ணும் பண்ணாது, விளக்கும் எரியாது, இதைப் போய் எதுக்குய்யா பிரிக்கிறதுன்னு விட்டுட்டேன். நீங்களே சொல்லுங்க, நியாயம்தானே?

என்ன? "வர்ற கரண்டு அது வழியாத்தான் திரும்பிப் போகணும்"னா? அது தெரியும் தம்பி, எனக்கும் தெரியும். போற கரண்டுதானே? நமக்கு வேலையை முடிச்சுக் குடுத்துட்டுப் போறது எப்படிப் போனா நமக்கென்ன?

அந்த மெயின் பெட்டியா? பூட்டு போட்டிருக்கேன், ஆமாம். சாவி என் இடுப்புல இருக்கு, இருங்க தர்றேன். இல்லை, நானே தொறக்கறேன். ஏன் பூட்டுன்னா, பாதுகாப்புக்குத்தான். நான் வெளிய கிளம்பினா மெயினை இறக்கிப் பூட்டிட்டுத்தான் போவேன். பொம்பளை தனியா இருக்கிற வீடு, கரண்டு ஏதாவது பண்ணிட்டா? வீட்டுல இருந்தாலும் பகல்ல எதுக்கு கரண்டு? சாயங்காலம் தொறந்து போடுவேன். தையல் மிஷினுக்கு மட்டும் கேட்டா கேட்ட அன்னைக்கு ஒரு மணி நேரம் குடுப்பேன். மெயினைப் போட்டுட்டாலும் பூட்டிடுவேன். இல்லன்னா கண்ட நேரத்துல போய்ப் போட்டுக்கிட்டும் அணைச்சுக்கிட்டும் இருப்பாங்க, சுவிட்சு தேஞ்சு போயிடும்.

அவளா? அவ ஒண்ணுமே சொல்ல மாட்டா. அதுதான் மங்கை. சித்திரை வெயில்ல நான் பேங்குக்குப் போயிட்டு வந்தேன்னா வாசப்படியில உக்காந்துக்கிட்டு முந்தானையால விசிறிக்கிட்டு இருப்பா. "என்ன மங்கை, காத்து வாங்கறியா"ம்பேன். "ஆமாங்க"ம்பா. எந்தப் பொம்பளை இப்படி இருப்பா, சொல்லுங்க? சந்தோஷமாத்தான் இருந்தா தம்பி. ஒரு நாள் "எனக்கும் ஒரு சாவி குடுங்களேன்"னு கேட்டா. "எதுக்கு? நான்தான் இருக்கேனே"ன்னேன். அப்புறம் கேக்கலை.

இப்ப கதைக்கு வர்றேன். தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு பேரு யாழினி. எங்களுக்குப் புள்ளை இல்லை தம்பி. அதைத் தூக்கி வளத்ததெல்லாம் மங்கைதான். பெரியம்மா பெரியம்மான்னு இவ காலையே சுத்திக்கிட்டு கிடக்கும். அந்த நிச்சயத்துக்கு நான் போக மாட்டேன்னுட்டேன். பின்ன என்ன? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. பெரியப்பன்னு ஒருத்தன் உசுரோட இருக்கான். தர்மலிங்கம் என்ன சொல்றான்னா, "முன்னாடி நாளே வந்து சொன்னேனேண்ணே, நீங்க கதவைத் தொறக்கலையே"ங்கிறான். கதவைத் தொறக்கலைன்னா மறுபடி தட்டணும்ல? தட்டலை. அப்ப மதிக்கலைன்னுதானே அர்த்தம்?

"நீயும் போகக் கூடாது"ன்னு மங்கைகிட்ட சொன்னேன். அவ சரின்னு தலையாட்டினா. ஆனா பொண்ணு கட்டிக்கிற பட்டுப்பொடவைக்கு ரவிக்கை மட்டும் பெரியம்மாதான் தைக்கணும்னு அந்தப் புள்ளை சொல்லிடுச்சாம், அதைத் தைச்சுக் குடுத்துடறேன்னா. நான் கல் நெஞ்சுக்காரனா? தை, தைச்சு சன்னல் வழியாக் குடுத்துடுன்னேன். நிச்சயத்தன்னைக்கு சாயங்காலம் மெயினைப் போட்டேன். போட்டுட்டு வழக்கம் போலப் பூட்டினேன். அவ அந்த மூலையில உக்காந்து கொக்கி வெச்சுக்கிட்டு, ஓரம் அடிச்சுக்கிட்டு இருந்தா. பக்கத்துல ஒரே கூத்து. பந்தலு, லைட்டு, வடை சுடற வாசனை, கிரைண்டரு, ஹீட்டரு, ஏசி. அத்தனையும் அவன் ஃபேஸ்லதான். ஜனங்க சிரிக்கிற சத்தம் செவுத்தைத் தாண்டி வருது. இவ மிஷினை நிறுத்தி நிறுத்திக் கேக்கறா. "தைக்கிற வேலையைப் பாரு"ன்னேன்.

அப்பதான் தம்பி அந்த அதிசயம் நடந்துச்சு.

நம்ம பல்பு இருக்கே, இந்தக் கூடத்து பல்பு, சும்மா பளீர்னு எரிஞ்சுது. மஞ்சளா எரியற பல்பு வெள்ளை வெளேர்னு எரியுது. கண்ணு கூசுது. ஃபேன் பறக்குது, காலண்டர் செவுத்துல படபடன்னு அடிச்சுக்கிது. சன்னல் வழியா எட்டிப் பாத்தா அவன் வீட்டுப் பந்தல் லைட்டெல்லாம் செத்துப் போய்க் கிடக்கு. சிவப்பா, பீடி நெருப்பு மாதிரி மினுக்கு மினுக்குங்குது. கிரைண்டர் நின்னு போச்சு. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? இத்தனை வருஷமா என் வோல்டேஜைத் தின்னவன் வீடு இருண்டு கிடக்கு, என் வீடு ஜொலிக்குது! அதுவும் சம்பந்தி வீட்டுக்காரங்க அத்தனை பேரும் வந்திருக்கிற நேரத்துல! சாமி கண்ணைத் தொறந்துட்டாருன்னு நினைச்சேன். கதவைத் தொறந்து வெச்சேன், ரெண்டு சன்னலையும் விரியத் தொறந்தேன். நல்லாப் பாக்கட்டும்னு வாசல்ல போய் நின்னேன்.

தம்பி அங்கேர்ந்து கத்தறான். "அண்ணே, நியூட்ரல் போயிடுச்சு! மெயினை அணைங்க! மெயினை அணைங்கண்ணே!"ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. என் வீட்டுல லைட்டு எரிஞ்சா இவனுக்கு வயிறு எரியுது பாத்தீங்களா? "உன் வீட்டுல இல்லைன்னா என் வீட்டுலயும் இருக்கக் கூடாதாடா?"ன்னேன். மங்கை மிஷினை விட்டு எழுந்திரிச்சு வந்து பல்பு சுவிட்சை அணைக்கப் போறா. கையைப் புடிச்சுக்கிட்டேன். "இருக்கட்டும், எரியட்டும். எல்லாரும் பாக்கட்டும்"னேன். "என்னங்க, ஏதோ தப்பா இருக்குங்க, பயமா இருக்குங்க, சாவியைக் குடுங்க"ன்னா. பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்.

பட்டுன்னு பல்பு வெடிச்சுது. கண்ணாடி கூடம் பூரா சிதறுது. மிஷின் மூலையிலேர்ந்து புகை. அந்த மோட்டாரு திகுதிகுன்னு எரியுது, சுவிட்சு போர்டு படபடன்னு பொரியுது, கிட்டப் போக முடியலை. அந்த ரவிக்கை மிஷின்லயே மாட்டிக்கிட்டு இருக்கு. "சாவி! சாவி!"ன்னு அலறுறா. நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? யோசிச்சேன். ஒரு மனுஷன் ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாதா? தர்மன் அணைன்னு சொல்லி நான் அணைச்சா ஊரு என்ன பேசும்? அதுக்குள்ள அவ போய் அந்த ரவிக்கையை வெறுங்கையால இழுத்துட்டா. கொஞ்சம் சுட்டுக்கிச்சு. பெருசா ஒண்ணுமில்லை. நெருப்புன்னா சுடத்தானே செய்யும்? தம்பி வெளிய ஓடிப் போய் மீட்டர் போர்டுல ஃபீஸ் கட்டையெல்லாம் புடுங்கிட்டான். ரெண்டு வீடும் கும்மிருட்டு.

இருட்டுல அவ நிக்கிறா. கையில பாதி கருகின பட்டு. நான், "சரி விடு, வேற தைச்சுக்கலாம்"னேன். நல்ல வார்த்தைதானே சொன்னேன்? என்னைத் தாண்டி நடந்து போனா. அவன் வாசல்ல ஏறினா. திலகா ஓடி வந்து புடிச்சுக்கிட்டா. அவ்வளவுதான். திரும்பி வரலை.

அப்புறம் பந்தல்காரன்கூட வந்த எலெக்ட்ரீஷியன் பாத்தான். போர்டுல நியூட்ரல் ஜாயிண்டு கருகிப் போயிருந்துச்சாம். அன்னைக்கு அவன் வீட்டு கரண்டு பூராவும் திரும்பிப் போனது அந்த ஒத்தை ஜாயிண்டு வழியாத்தானே, தாங்கலை. அரை மணி நேரத்துல மாத்திட்டான், அவங்க வீட்டுல கரண்டு வந்துடுச்சு. நிச்சயமும் நடந்துச்சு. சாப்பாடும் நடந்துச்சு. புள்ளை வேற ஏதோ ரவிக்கையைப் போட்டுக்கிட்டு உக்காந்துச்சாம். பெரியம்மா பக்கத்துல உக்காந்தாதான் தட்டு மாத்த விடுவேன்னு சொல்லிடுச்சாம். கையில ஈரத்துணியைச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாளாம் இவ.

இதுல என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. ஏசி போட்டது அவன். ஹீட்டர் போட்டது அவன். ஜாயிண்டைக் கருக வெச்சது அவன். எரிஞ்சு போனது யாரோட பொருளு? என் பல்பு, என் ஃபேனு, என் டிவி, என் வீட்டு மிஷினு. அவன் வீட்டுல ஒரு சீரியல் பல்புகூடப் போகலை. இது எந்த ஊரு நியாயம்?

மறுநாள் தம்பி வந்து விளக்கம் சொல்றான். வாசல்ல நின்னுக்கிட்டுத்தான், நான் உள்ள கூப்பிடலை. "அண்ணே, நாம ஒரே ஃபேஸ்ல இருந்திருந்தா நியூட்ரல் அறுந்ததும் ரெண்டு வீடும் சும்மா அணைஞ்சு போயிருக்கும். ஒரு சேதமும் வந்திருக்காது. நீங்க வேற ஃபேஸ் கேட்டீங்க. நியூட்ரல் மட்டும் ஒண்ணாவே இருந்துச்சு. அது அறுந்ததும் உங்க ஃபேஸ்லேர்ந்து என் ஃபேஸுக்கு, உங்க வீடும் என் வீடும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒரே கம்பியில கோத்த மாதிரி ஆயிடுச்சு. நானூறு வோல்ட்டு ரெண்டு பேருக்கும் நடுவுல. ரெண்டு வீட்டுலயும் ஓடுற கரண்டு ஒண்ணுதான். ஆனா வோல்டேஜ் சமமாப் பிரியாது. யாரு வீட்டுல கம்மியா லோடு இருக்கோ அவங்க தலையிலதான் பெரும்பங்கு விழும்"ங்கிறான்.

கம்மியா எடுத்துக்கிறவன் தலையில அதிகமா விழுமாம்! சிக்கனமா இருந்தவனுக்குத் தண்டனையாம்! நல்லா இருக்கே கதை! "நீ படிச்சதெல்லாம் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு"ன்னு கதவைச் சாத்திட்டேன்.

அன்னைலேர்ந்து நான் மெயினைப் போடலை. கரண்டு இருக்கு, மீட்டர் வரைக்கும் வந்து நிக்குது. போட்டா எரியும். ஆனா அவன் தொட்ட நியூட்ரல்ல என் வீட்டு விளக்கு எரிய வேணாம். எனக்குன்னு தனிக் கம்பி வரட்டும், அப்புறம் போடறேன்னு வைராக்கியமா இருக்கேன். கைக்கு வந்ததைச் சமைச்சுக்கறேன். ராத்திரி மெழுகுவத்தி. புழுக்கத்துல தூக்கம் வராது. வெளிய காத்தாட நின்னா அவன் வீட்டு ஆளுங்க பாப்பாங்க. உள்ளயே கிடக்கேன். ஜெயில்ல இருக்கிறவனையாவது நாளு கழிஞ்சா வெளிய விடுவாங்க.

மனசு விட்டுச் சொல்றேன் தம்பி, அவ இல்லாம முடியலை. சத்தியமா முடியலை. காபி போட்டா ரெண்டு டம்ளர் போட்டுடறேன். அந்தப் பக்கம் அவ சிரிக்கிறா. எனக்கு இத்தனை வருஷத்துல அவ சிரிப்புச் சத்தம் இப்படின்னு தெரியவே தெரியாது. செவுத்துல காதை வெச்சுக் கேக்கறேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். திலகாகிட்ட ஆள் விட்டுக் கேட்டேன், என்னதான் வேணுமாம் உங்கக்காளுக்குன்னு. "மெயின் பெட்டியில பூட்டு இல்லைன்னா வருவாளாம், மாமா"ன்னு சொல்லி அனுப்பறா. பூட்டாம்! ஒரு பூட்டுக்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா? அது சும்மா சாக்கு. உண்மையில இருட்டுக்குப் பயம் அவளுக்கு. லைட்டு எரியறதைப் பாத்தா தானா வருவா.

என்ன சொல்றீங்க? பழைய நியூட்ரலை எடுக்கணும்னா அந்த வீட்டையும் அஞ்சு நிமிஷம் அணைக்கணுமா? நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் வரலை. எலெக்ட்ரீஷியன்னு சொன்னா விடுவாங்க. வேற ஒண்ணும் பேசிக்காதீங்க. இல்லை, அவ இருந்தா, கை எப்படி இருக்குன்னு சும்மா உங்க பங்குக்குக் கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்ல வேணாம்.

வந்துட்டீங்களா? அணைச்சுட்டானா? சண்டை போட்டானா? ஒண்ணும் சொல்லலையா? "நல்லது, அண்ணனுக்கு நல்லபடியா செஞ்சு குடுங்க"ன்னானா? நடிப்பு.

யாரு? அவ பேசினாளா? என்ன சொன்னா? கை இன்னும் கட்டுப் போட்டிருக்கா? அப்படியா. ஊசி புடிக்க முடியலையாமா? நான் சின்னக் காயம்னு நினைச்சேன் தம்பி. சரி, வேற என்ன சொன்னா? சொல்லுங்க, தயங்காதீங்க.

இன்னொரு தரம் சொல்லுங்க. "புதுப் பெட்டியில பூட்டு இல்லைன்னா இப்பவே வந்துடறேன்"னா? இப்பவேவா? பையை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வர்றேன்னாளா?

அட! அட போங்க தம்பி, இதை முதல்ல சொல்றதில்லையா? இருங்க, அந்தத் துணியெல்லாம் எடுத்து ஓரமா வெச்சுடறேன். வீடு கிடக்கிற கோலத்தைப் பாத்தா என்ன நினைப்பா? அந்த எச்சித் தட்டு. நாத்தம் வேற. சன்னலைத் தொறங்க. பூட்டுதானே? இந்தா, பாருங்க, கழட்டியாச்சு. இந்தாங்க, நீங்களே பெரம்பலூருக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுங்க, சாவியோட. எனக்கு இது வேணாம். மனுஷி வேணும். போதும், பட்டதெல்லாம் போதும்.

அதோ, அவதான். கேட்டுகிட்ட நிக்கிறா பாருங்க. இளைச்சுட்டாளோ? இல்லை, கொஞ்சம் தேறித்தான் இருக்கா. வா மங்கை! பூட்டைக் கழட்டிட்டேன், பாரு! இந்தத் தம்பியே சாட்சி! அஞ்சு நிமிஷம் அங்கயே நில்லு, கண்ணாடித் துண்டு ஏதாவது கிடக்கும், கூட்டிடறேன், கால்ல குத்திடப் போவுது!

தம்பி, சீக்கிரம் முடிங்க. என்ன? புது மெயின் பெட்டியை எங்க மாட்டறதா? பழைய இடத்துலயே மாட்டறதா? வேணாம், கூடத்துல வேணாம். போற வர்றவங்க கை படும். உள் ரூம்ல என் கட்டில் இருக்குல்ல, அதுக்குத் தலைமாட்டுல மாட்டுங்க. நல்ல உயரமா. என் கைக்கு எட்டணும், அவ கைக்கு எட்டக் கூடாது, அந்த அளவுக்கு. பூட்டு இல்லையே? சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேனே? பூட்டு வேணாம்னா, பூட்டு இல்லை. அவ்வளவுதானே அவ கேட்டது?

என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க? கொஞ்சம் மெதுவாப் பேசணுமா? எதுக்கு?

மங்கை! ஏய் மங்கை, எங்க போறே? இங்கதானே வரச் சொன்னேன்! பூட்டு இல்லைன்னேனே, காதுல விழலையா? பையை வேற தூக்கிக்கிட்டுப் போறா பாருங்க. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன் இப்ப? நீங்களே இருந்தீங்க, நீங்களே கேட்டீங்க, ஒரு வார்த்தை தப்பாச் சொன்னேனா?

கதவைச் சாத்திட்டா.

சரி. நீங்க வேலையை முடிங்க. ஊருக்குப் போகணும்ல? இப்போதைக்குப் பழைய இடத்துலயே மாட்டிடுங்க. புதுக் கம்பி இழுத்தாச்சா? பழையதை வெட்டிட்டீங்களா? சுத்தமா வெட்டியாச்சுல்ல, இனிமே அவங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாதுல்ல? போடுங்க. அந்த மூலையில மில்லுல குடுத்த பல்புப் பெட்டி இருக்கு, ஒண்ணு எடுத்து மாட்டுங்க, பாப்போம்.

எரியுது. நல்லா எரியுது. அது அவ மிஷினு. அந்தக் கறுப்பு, அன்னைக்குப் புகை ஏறினது. அந்த நாக்காலி அவளுது. கொடியில ஒரு பொடவை கிடக்கு பாருங்க, இத்தனை நாளும் இருட்டுல எனக்குத் தெரியவே இல்லை.

போதும் தம்பி. அணைச்சிடுங்க. ஒரு ஆளுக்கு எதுக்கு லைட்டு.